வலது தோள்

அயர்லாந்து ஆசையை முதலில் கிளப்பிவிட்டவன் ஆரூரன்தான். சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. நாற்பதை எட்டிப் பிடிக்கப் போகிறான், கலியாணப் பேச்சை எடுத்தால் மட்டும் காது கேட்காது. வேலை முடிந்து வந்து படுத்துக்கொண்டு போனில் அயர்லாந்துப் பயண வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுவான். நாலு நண்பர்கள், ஒரு வாடகைக் கார், கார் போக மட்டும் அளவான ஒடுங்கிய தெரு, இரண்டு பக்கமும் கல் மதில், மதிலுக்கு அப்பால் செம்மறிகள். ஹோட்டலில் தங்காமல், கடையில் சாப்பிடாமல் சிக்கனமாகச் சுற்றி வருவது எப்படி என்று அந்த வெள்ளைக்காரப் பெடியன்கள் விளக்கம் சொல்வார்கள். சிக்கனத்தை எங்களுக்கு இவங்கள் படிப்பிக்கிறாங்கள் என்று ஆரூரன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

மயூரதனுக்கும் அந்த ஆசை சட்டென்று பற்றிக்கொண்டது. அப்போதுதான் அவனுக்கு ஆஸ்திரேலியக் குடியுரிமை கிடைத்திருந்தது. பாஸ்போர்ட் வந்த அன்று அதன் வெற்றுப் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தவன். படகில் வந்து இறங்கிய நாளிலிருந்து இந்த நாட்டைவிட்டு ஓரடி வெளியே வைக்காதவனுக்கு அயர்லாந்தானால் என்ன, ஐஸ்லாந்தானால் என்ன. எங்கேயாவது போய்த் திரும்பி வரும்போது விமான நிலையத்தில் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே விடவேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் லதீஸை விட்டுவிட்டுப் போக முடியாது.

லதீஸும் மயூரதனும் ஒரே படகில் வந்தவர்கள். முல்லைத்தீவில் ஒரே ஊர், இருந்தது ஒரே முகாம், வந்த இடத்தில் சொன்ன கதையும் ஏறக்குறைய ஒன்றே. கதையைக் கேட்ட அதிகாரிகள் மட்டும் வேறு வேறு. ஒருவர் மயூரதனை நம்பினார். மற்றவர் லதீஸை நம்பவில்லை. இதற்கு மேல் இதில் காரணம் தேடினால் மண்டைதான் வெடிக்கும். மேல்முறையீடு, அதற்கும் மேலே இன்னொன்று என்று அலைந்து, லதீஸ் இன்னமும் பிரிட்ஜிங் விசாவில்தான் இருந்தான். வேலை செய்யலாம், வரி கட்டலாம். நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வர முடியாது. பொலிஸ் ஒரு குற்றச்சாட்டுப் பதிந்தால் போதும், அந்த விசாவையும் பிடுங்கிக்கொண்டு தடுப்பு முகாமில் போடலாம். அங்கிருந்து கொழும்புக்கு ஏற்றிவிட அதிக நேரம் தேவையில்லை. மனைவி வசந்தினியின் விசாவும் அவனுடைய விசாவோடுதான் கட்டுண்டு கிடந்தது. அவன் விழுந்தால் வீடே விழும்.

பென்டில் ஹில்லில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் ஓர் அறையில்தான் மயூரதனும் இருந்தான். வசந்தினி கையால்தான் அவனுக்குச் சாப்பாடு. வேலையால் எவ்வளவு பிந்தி வந்தாலும் எழும்பி வந்து சூடாக்கிப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அவள் படுப்பாள். அவர்களுடைய ஏழு வயது மகள் கௌசிகாவுக்கு அவன் பெரியப்பா. தனக்குக் கிடைத்தது லதீஸுக்குக் கிடைக்கவில்லையே என்ற நினைப்பு, அந்த வீட்டில் சாப்பிடும் ஒவ்வொரு பிடி சோற்றிலும் அவனுக்கு ஒரு சிறு கல்லாகக் கடிபட்டது. அதை அவன் ஒருவருக்கும் சொன்னதில்லை.

"நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோடா. நான் படம் பாக்கிறன்," என்றான் லதீஸ்.

"நீ வராட்டி நானும் போகேல்லை," என்றான் மயூரதன்.

அப்போது ஆரூரன்தான் வழி கண்டுபிடித்தான். விக்டோரியாவின் மேற்குப் பக்கம், கொரொய்ட் என்ற ஊரைச் சுற்றி, அந்தக் காலத்தில் அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்த சனங்கள் குடியேறிய இடம் இருக்கிறதாம். கல் மதில், பச்சைப் புல், மாடு, உருளைக்கிழங்கு, ஐரிஷ் பெயரில் ஒரு மதுச்சாலை, எல்லாம் உண்டாம்.

"அயர்லாந்துக்கு இவன் வரேலாது எண்டால், அயர்லாந்தை இஞ்சை தேடிப் போவம்," என்றான். "அவையும் எங்களை மாதிரிக் கப்பல்லதான் வந்தவை. என்ன, அவையிட்டை ஒருத்தரும் விசா கேக்கேல்லை."

செப்டெம்பரில், வசந்தகாலத் தொடக்கத்தில், மயூரதனின் பழைய கேம்ரியில் கிளம்பினார்கள். வசந்தினி விடிய எழும்பி இடியப்பம் அவித்து, சம்பல் இடித்து, சாப்பாட்டைக் குளிராக வைத்திருக்கும் எஸ்கிப் பெட்டியை நிரப்பித் தந்தாள். செம்மறியின் படம் ஒன்று கட்டாயம் எடுத்து வரவேண்டும் என்று கௌசிகா ஆங்கிலத்தில் கட்டளை போட்டாள். கார்க் கதவடியில் வந்து நின்ற வசந்தினி, மயூரதனைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"அண்ணை, இவரை உங்களை நம்பித்தான் விடுறன்."

"ஓம் ஓம், பயப்பிடாதையுங்கோ," என்றான் மயூரதன். சொல்வது சுலபம்தானே.

மூன்று பேரும் முறை வைத்துக் கார் ஓடினார்கள். மூவரில் நன்றாகக் கார் ஓடுகிறவன் லதீஸ்தான். சிட்னி முழுக்கப் பார்சல் வான் ஓடி வயிறு கழுவுகிறவன். ஆனால் அவன் ஓடும்போது பக்கத்தில் இருக்கிறவனுக்கு நித்திரை வரும். நூற்றுப்பத்து என்று பலகையில் இருந்தால் நூற்றெட்டில் போவான். முன்னும் பின்னும் ஒரு வாகனமும் இல்லாத தெருவிலும் திரும்புவதற்குச் சிக்னல் போடுவான். பொலிஸ் கார் ஒன்று எதிரே வந்தால் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இறுகிவிடும், பேச்சு நின்றுவிடும்.

"மாட்டுக்கும் சிக்னல் போடுறான் பார்," என்று ஆரூரன் பகிடி பண்ணுவான். "அது உன்ரை விசாவைக் கேக்காதடா."

மெல்பேர்னில் ஆரூரனின் ஒன்றுவிட்ட அண்ணர் வீட்டு ஹோலில் பாய் விரித்துப் படுத்தார்கள். காலையில் த பேசின் என்ற இடத்திலுள்ள கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாருக்கு அர்ச்சனை. மற்ற இருவரும் தங்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி முடிக்க, லதீஸ் மனைவி பெயர், மகள் பெயர் மட்டும் சொல்லிவிட்டு நின்றான். உன்ரை பெயரைச் சொல்லேல்லையே என்று மயூரதன் கேட்டதற்கு, அவை ரெண்டு பேருக்கும் நல்லது நடந்தால் எனக்கும் நடந்த மாதிரித்தானே என்றான். பேச்சை வளர்க்கும் பழக்கம் அவனுக்கு இல்லை.

அதற்கு அடுத்த நாள் மேற்கே போனார்கள். ஆரூரன் சொன்னது பொய்யில்லை. மழை பெய்து ஓய்ந்த வயல்கள் பச்சைப் பசேலென்று கிடந்தன. கருங்கல்லை அடுக்கிக் கட்டிய மதில்கள் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கிப் போயின. ஒரு மதிலோரம் காரை நிறுத்தி, எஸ்கிப் பெட்டியைத் திறந்து, குளிர்ந்துபோன இடியப்பத்தைச் சம்பலோடு குழைத்துச் சாப்பிட்டார்கள். லதீஸ் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு மதிலில் சாய்ந்து நின்றான். பிறகு மதிலுக்கு மேலால் எட்டிச் செம்மறிகளைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினான்.

"மச்சான், இதுக்குள்ள நிக்கேக்க வேற நாட்டுக்கு வந்து நிக்கிற மாதிரித்தான் கிடக்கு," என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை மயூரதன் பார்த்து எத்தனையோ வருடமாகிவிட்டது. அந்த ஒரு முகத்துக்காகவே வந்தது வீண்போகவில்லை என்று நினைத்தான். அந்த மத்தியானம் மூன்று பேருக்கும் உண்மையிலேயே நல்ல மத்தியானம்.

அன்று பகல் முழுக்க மயூரதன்தான் ஓடினான். தங்குவதற்கு மலிவாக ஒரு கேரவன் பார்க்கில் கேபின் சொல்லியிருந்தார்கள். அங்கே போகும் வழியில், பொழுது சாயும் நேரம், அவனுக்குக் கண் இழுத்தது. காரை ஓரங்கட்டினான்.

"லதீஸ், நீ கொஞ்சம் ஓடு."

"இருட்டப் போகுது மச்சான். இந்தப் பக்கம் எனக்குப் பழக்கமில்லை. நீயே ஓடன், கிட்டத்தானே."

"சிட்னி முழுக்க வான் ஓடுறனி, இதென்ன பெரிய விசயமே? எனக்குக் கண் மூடுதடா."

லதீஸ் மறு பேச்சுப் பேசாமல் இறங்கி வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். கட்டையானவன், அதனால் இருக்கையை நன்றாக முன்னுக்கு இழுத்துக்கொண்டான். மயூரதன் பக்கத்து இருக்கையில் சீற்பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சாய்ந்தான். ஆரூரன் பின்னிருக்கையில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு நீட்டி நிமிர்ந்து படுத்து எப்போதோ குறட்டைவிடத் தொடங்கியிருந்தான்.

ஒரு வளைவு திரும்பியதும் மாடு நின்றது. கரிய மாடு, கரிய தெரு. லதீஸ் பிரேக்கை மிதித்த சத்தமும் மயூரதனின் கண் திறந்ததும் ஒன்றாக நடந்தன. கண்ணாடி முழுக்க மாடாகத் தெரிந்தது. பிறகு ஒரு பெரிய சத்தம், எயர்பேக் வெடித்த புழுதி, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மயூரதனுக்கு மூச்சு வந்தபோது பின்னாலிருந்து ஆரூரன் அம்மா அம்மா என்று முனகுவது கேட்டது. அவன் முன்னிருக்கைகளுக்குப் பின்னால் கீழே மடிந்து கிடந்தான். இடுப்புக்குக் கீழே ஒரு கால் போகக்கூடாத பக்கம் போயிருந்தது.

மயூரதன் அம்புலன்ஸுக்கு அடித்தான். ஆளை அசைக்க வேண்டாம், போர்த்துவிடு என்றார்கள். லதீஸ் தன் ஜக்கெற்றைக் கழற்றி ஆரூரனுக்குப் போர்த்தினான், தலையைத் தடவினான், டேய் ஆரூரா, கதையடா என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஆரூரன் அதற்குள் மயங்கிவிட்டான். மாடு தெருவில் செத்துக் கிடந்தது. லதீஸுக்கும் மயூரதனுக்கும் நெஞ்சில் நோவைத் தவிர வேறு காயமில்லை.

இவ்வளவோடு விட்டிருக்கலாம். மாடு குறுக்கே வந்தது, கார் மோதியது, இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். ஆனால் பிரிட்ஜிங் விசாக்காரர்களோடு வருடக்கணக்காக ஒரு வீட்டில் இருந்தவனுக்குப் பொலிஸ் என்ற சொல் வேறு மாதிரித்தான் கேட்கும். ரயிலில் ரிக்கெற் இல்லாமல் பிடிபட்டவனின் கதை, மனைவியோடு சத்தம் போட்டதற்குப் பக்கத்து வீட்டார் பொலிஸைக் கூப்பிட்டு உள்ளே போனவனின் கதை என்று, உண்மையும் புளுகுமாக எத்தனை கதைகள் பென்டில் ஹில் கடைவாசல்களில் கேட்டிருப்பான். தூரத்தில் ஒரு வாகனத்தின் வெளிச்சம் வருவதை மயூரதன் கண்டான். ஆரூரன் செத்துப்போனால்? பின்னுக்குப் பெல்ட் போடாமல் கிடந்தவனுக்கு ஓட்டுநர்தானே பொறுப்பு? லதீஸைப் பிடித்துக்கொண்டு போனால்? ஓடமாட்டேன் என்றவனை ஓடவைத்தது யார்?

"லதீஸ், இஞ்சை வா. நான்தான் ஓடினனான். விளங்குதோ?"

லதீஸுக்கு விளங்கவில்லை. "என்ன சொல்லுறாய்? மாடு வந்து நிண்டதுக்கு நான் என்ன செய்யிறது?"

"அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியுமோ? நான் சிட்டிசன், என்னை என்ன செய்வாங்கள்? தண்டம் கட்டுவன், முடிஞ்சுது. உன்னை ஏத்திப்போடுவாங்கள்."

"வேண்டாம் மச்சான். பொய் சொல்ல எனக்கு வராது."

"நீ ஒண்டும் சொல்லத் தேவையில்லை. பேசாமல் நில். வசந்தினியை நினைச்சுப் பார். பிள்ளையை நினைச்சுப் பார்."

அந்தப் பெயர்களைச் சொன்னதும் லதீஸ் அடங்கிப் போனான். மயூரதன் ஓடிப்போய் ஓட்டுநர் இருக்கையைத் தன் கால் நீளத்துக்குப் பின்னுக்குத் தள்ளிவிட்டான். கெட்டிக்காரன்தான். எல்லாவற்றையும் நினைத்தான், ஒன்றைத் தவிர.

முதலில் வந்தது ஒரு விவசாயி. பெயர் பற்றிக், எழுபது வயதிருக்கும், சேற்றுச் சப்பாத்து. செத்துக் கிடந்த மாட்டைப் பார்த்தார், காரைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். மாடு அவருடையது. பின்னேரம் கேற்றைக் கொழுவி மூட மறந்துவிட்டேன், எல்லாம் என் பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வாகனத்திலிருந்து கம்பளி எடுத்து வந்து ஆரூரனுக்குப் போர்த்தினார். பொலிஸ்காரி வந்து இறங்கியதும் அவளிடமும் அதையே சொன்னார். இந்தப் பெடியன்களில் ஒரு பிழையும் இல்லை என்றார்.

பொலிஸ்காரி இளம் வயது, களைத்த முகம். தெருவில் பிரேக் பிடித்த தடத்தை டோர்ச் அடித்துப் பார்த்தாள். நேராக இருக்கிறது, நல்ல வேளை, மரங்கள் பக்கம் திருப்பவில்லை என்றாள். யார் ஓட்டியது என்று கேட்டாள்.

"நான்," என்றான் மயூரதன்.

குழாயை நீட்டி ஊதச் சொன்னாள். மதுவில்லை. இந்தப் பக்கம் இது அடிக்கடி நடப்பதுதான், உங்கள் நண்பர் பிழைத்தால் சரி என்றாள். லதீஸைப் பார்த்து, நீ முன்னால் பக்கத்தில் இருந்தாயா என்று கேட்டாள். லதீஸ் மயூரதனின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். அவள் எழுதிக்கொண்டாள்.

அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் லதீஸ் கிட்ட வந்து சொன்னான்: "மச்சான், பிழை தன்னிலதான் எண்டு அந்தாள் சொல்லிப்போட்டுது. இப்ப சொல்லுவமா?"

சொல்லியிருக்கலாம். பதறிப்போய்ச் சொல்லிவிட்டோம், மன்னியுங்கள் என்றால் அந்தப் பெண் பல்லைக் கடித்திருப்பாள், இரண்டு ஏச்சு ஏசியிருப்பாள். கதவு அந்த நேரம் திறந்துதான் கிடந்தது. மயூரதனின் வாய்தான் திறக்கவில்லை. சொன்ன பொய்யைத் திருப்பி எடுத்தால் அது பெரிய குற்றமாகிவிடும் என்று அவன் புத்தி சொன்னது.

"வாயை மூடு," என்றான்.

பொலிஸ்காரி திரும்பிப் பார்த்தாள். என்ன சொல்கிறான் உன் நண்பன் என்று கேட்டாள்.

"தோள் நோகுதாம்," என்று மயூரதன் ஆங்கிலத்தில் சொன்னான். அந்த நேரம் வாயில் வந்தது அதுதான்.

தோள் நோகிறவனைத் தெருவில் விடுவார்களா? ஆரூரனை ஏற்றிய அம்புலன்ஸிலேயே லதீஸையும் ஏற்றினார்கள். மயூரதனைப் பொலிஸ்காரி தன் காரில் கொண்டுபோய் அந்த நகரத்து ஆஸ்பத்திரியில் இறக்கினாள். ஆரூரனை நேரே சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். மற்ற இருவரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருத்தி, ஒரு தாதி வந்து சட்டையைக் கழற்றச் சொன்னாள்.

லதீஸின் மார்பில் சீற்பெல்ட் அழுத்திய இடம் கன்றிக் கறுத்துக் கிடந்தது. வலது தோளில் தொடங்கி, நெஞ்சைக் குறுக்கே வெட்டி, இடது இடுப்புக்கு இறங்கியது அந்தக் கோடு. தாதி அதைப் பார்த்தாள். பிறகு மயூரதனின் திரையை விலக்கி அவனைப் பார்த்தாள். அவனுக்குக் கோடு இடது தோளில் இருந்தது. இந்த நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் இருக்கிறவர். அவருடைய பெல்ட் வலது தோளால்தான் வரும். அந்தத் தாதி நோவுக்குக் குளிசை தந்துவிட்டு, வாசலில் காத்திருந்த பொலிஸ்காரியிடம் போனாள். மயூரதன் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. 

அப்போதும்கூட அவன் விடவில்லை. மறுநாள் காலை பொலிஸ்காரி அவனைத் தனி அறையில் இருத்தி, நேற்றுச் சொன்னதில் ஏதாவது மாற்ற விரும்புகிறாயா என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை என்றான். நான்தான் ஓடினேன் என்றான். இன்னொரு முறை கேட்டாள். இன்னொரு முறை சொன்னான். ஒன்றைப் பிடித்தால் விடாத அந்தக் குணத்தை ஊரில் உறுதி என்று மெச்சினார்கள். விசர் என்று ஒருவராவது சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அவள் பெருமூச்சு விட்டாள். உன் நண்பர் கண் விழித்துவிட்டார், ஆபத்தில்லை, நடக்கத்தான் நாள் எடுக்கும் என்றாள். பிறகு ஆரூரன் சொன்னதை வாசித்துக் காட்டினாள். கண் விழித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, லதீஸுக்குப் பிரச்சினை ஒன்றுமில்லையே என்பதுதானாம். "படுக்க முன்னம் பார்த்தேன், லதீஸ்தான் ஓட்டினான். எங்களுக்குள் அவன்தான் நல்ல ஓட்டுநர். ஒருநாளும் வேகமாக ஓடமாட்டான். அவன் மேல் எந்தப் பிழையும் எழுதிவிடாதீர்கள், அவனுக்கு நிரந்தர விசா இல்லை, குழந்தை இருக்கிறது. நான் பெல்ட் போடாதது என் பிழை."

நண்பனைக் காப்பாற்றத்தான் சொன்னான் பாவி. அவனுக்கு இந்தப் பொய் தெரியாது. ஒருவரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

"அவன் வேண்டாம் எண்டவன்," என்று மயூரதன் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னான். நான்தான் சொல்லவைத்தேன், அவனை விட்டுவிடுங்கள், எல்லாம் நான் என்று கும்பிட்டான். அழுதான். 

மாட்டின் கதை நேற்றே முடிந்துவிட்டது, அது விபத்து என்றாள் அவள். அதற்காக நான் ஒருவர் மேலும் ஒன்றும் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் பொலிஸுக்குப் பொய் சொன்னீர்கள். இது விபத்தில்லை.

இரண்டு பேர் மேலும் ஒரே குற்றச்சாட்டு. மயூரதனுக்கு நீதிமன்றத்தில் ஒரு தண்டமும் நல்லபடி நடந்துகொள்ளச் சொல்லி ஒரு கட்டளையும். அவனுடைய பாஸ்போர்ட்டை ஒருவரும் கேட்கவில்லை. லதீஸின் வழக்கு விசாரணைக்கு வரும் வரைக்கும்கூடக் குடிவரவு அதிகாரிகள் காத்திருக்கவில்லை. குற்றச்சாட்டு இருந்தாலே விசாவை ரத்துச் செய்யலாம் என்றார் லோயர். ஒரு வியாழக்கிழமை வழமைபோலக் குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போனவன் அப்படியே தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டான். வான் சாவியை மட்டும் ஒரு கவரில் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மயூரதன் ஒவ்வொரு கிழமையும் முகாமுக்குப் போனான். லதீஸ் அவனை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஆரூரன் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறானா, கௌசிகா ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாளா என்று கேட்பான். ஏசியிருந்தால் மயூரதனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கடைசியாகப் போன அன்று, கொழும்புக்கு ஏற்றுவதற்குத் தேதி குறித்துவிட்டார்கள் என்று லதீஸ் சொன்னான். வீட்டுக்கு நீயே சொல்லிவிடு, எனக்குப் போனில் சொல்ல வராது என்றான். பொய் மட்டுமில்லை, சில உண்மைகளும் அவனுக்கு வராது.

அன்று பின்னேரம் மயூரதன் வீட்டுக்கு வந்தபோது வசந்தினி குசினியில் நின்றாள். பிரிட்ஜ் கதவில் செம்மறிப் படம் ஒட்டியிருந்தது. கௌசிகா அறைக்குள் ரீவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கதிரையில் உட்காராமல் நின்றபடியே சொன்னான். வசந்தினி அடுப்பை நிற்பாட்டினாள். அழுவாள் என்று நினைத்தான். அவள் அழவில்லை.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் ஓடினதாச் சொல்லச் சொல்லி இவர் உங்களைக் கேட்டவரோ?"

"இல்லை."

"ஆரூரன் அண்ணை கேட்டவரோ?"

"இல்லை வசந்தினி. அவனுக்கு அந்த நேரம் நினைவே இல்லை."

"பிறகு உங்களை ஆர் கேட்டது?"

வழியெல்லாம் அவன் மறுமொழி தயாரித்துக்கொண்டுதான் வந்தான். உங்களுக்காகத்தான், பிள்ளைக்காகத்தான் என்று.  அவளுக்காகத்தானா, சாப்பிடும்போது கடிபட்ட அந்தக் கல்லைத் துப்புவதற்காகவா என்று அவனுக்கே இப்போது நிச்சயமில்லை.

வசந்தினி அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இந்த வீட்டில உங்கடை முகத்தைப் பாத்துக்கொண்டு என்னால இருக்கேலாது அண்ணை. ஆனால் போங்கோ எண்டும் சொல்லேலாது. இவரின்ரை சம்பளமும் இல்லை, நீங்கள் தாறதும் இல்லாட்டி வீட்டுக்காரனுக்கு நான் என்னத்தைக் குடுப்பன்? எங்களையும் அனுப்பும்வரைக்கும் பிள்ளைக்கு ஒரு கூரை வேணும்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு மகள் இருந்த அறைக்குப் போனாள். வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"சோறு சட்டிக்குள்ள கிடக்கு. போட்டுச் சாப்பிடுங்கோ."

அந்த வீட்டுக்கு வந்த நாள்தொட்டு மயூரதன் தன் கையால் சோறு போட்டுச் சாப்பிட்டதில்லை. கோப்பைகள் எந்த அலுமாரியில் இருக்கின்றன என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஒவ்வொன்றாகத் திறந்து தேடினான்.